நம்பியதையே காணும் கண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் ஏறுவோர் ஒரு குறளைக் கூறித் தொடங்குவது நம் சங்கத்தின் மரபு. எனக்கு முன் பேசிய பெரியோர் அம்மரபைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளும் எனக்குக் குறளைவிடக் கணக்கே கைவந்தது. ஆகவே ஒரு சிறு கணக்கோடு தொடங்க உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

2, 4, 6. இம்மூன்று எண்களும் ஒரு விதிக்கு உட்பட்டவை. அவ்விதியை ஒரு தாளில் எழுதி என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு எண்களை மும்மூன்றாகச் சொல்லிப் பார்க்கலாம். அவை விதிக்கு உட்பட்டவையா, அல்லவா என்பதை மட்டும் நான் சொல்வேன். விதி இன்னதுதான் என்ற உறுதி பிறந்தபின் அதைக் கூற வேண்டும்.

முன் வரிசையில் ஒரு தம்பி 8, 10, 12 என்கிறார். உட்பட்டவை. 20, 22, 24 என்கிறார் அவருடைய தமக்கை. அவையும் உட்பட்டவை. 100, 102, 104? உட்பட்டவை. "இரண்டிரண்டாகக் கூடிவரும் எண்கள்" என்று இப்போது பலர் ஒரே குரலில் கூறுகிறீர்கள். அன்று, விதி அது அன்று. "ஏறுமுகமான மூன்று எண்கள்" என்பது மட்டுமே இத்தாளில் உள்ளது. 1, 2, 3 என்றாலும் பொருந்தும். 5, 17, 900 என்றாலும் பொருந்தும். யாரேனும் ஒருவர் 1, 2, 3 என்று கேட்டிருந்தால் அக்கணமே உங்கள் எண்ணம் ஆட்டம் கண்டிருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு "இல்லை" என்றே விடை வரும் என்று மனம் முன்னரே முடிவு கட்டிவிட்டது. "ஆம்" என்று விடை வரக்கூடிய கேள்விகளையே நாம் தேர்ந்தெடுத்துக் கேட்டோம்.

இக்கணக்கு என்னுடையதன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் வேசன் என்ற உளவியல் அறிஞர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் உள்ளது. அவர் சோதித்த மாணவர் 29 பேர். தவறான விடை எதுவும் கூறாமல் நேரே சரியான விதியைச் சொன்னவர் 6 பேரே. ஆதலால் முன் வரிசைத் தம்பி வருந்த வேண்டியதில்லை. அவர் நல்ல கூட்டத்தில்தான் சேர்ந்திருக்கிறார்.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்றும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றும் நம் பாட்டிமார் இதை என்றோ சொல்லிவிட்டார்கள் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். முழுதும் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முதற் பழமொழி கண்ணின் நோயைக் குறை கூறுகிறது. மற்றது அச்சத்தைக் குறை கூறுகிறது. வேசனிடம் வந்த மாணவர்களுக்குக் காமாலையும் இல்லை, அச்சமும் இல்லை. அமைதியாக உட்கார்ந்து, ஒன்றுக்கு மூன்றாகச் சோதித்தும் பார்த்தார்கள். சோதித்த முறையிலேதான் கோளாறு. "சோதித்துப் பார்த்துவிட்டேன்" என்ற நிறைவு, சோதிக்காதவனுக்கு இருப்பதைவிட அதிகமான பிடிவாதத்தை அவர்களுக்குத் தந்துவிட்டது. இதற்கு "நம்பியதையே நாடல்" என்று நானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். புலவர்கள் பொறுத்தருள்க.

எங்கள் அலுவலகத்துக்கு வருவோரில் பலர், "இந்த வண்டி என்றைக்கு ஐயா நேரத்துக்கு வந்திருக்கிறது?" என்று கேட்பதுண்டு. ரிஜிஸ்டரில் நேரத்துக்கு வந்த நாளும் இருக்கிறது, தாமதமான நாளும் இருக்கிறது. கேட்பவர் நினைவில் தாமதமான நாள் மட்டுமே இருக்கிறது. வண்டி நேரத்துக்கு வந்த நாளில் அவர் ஏறிப் போய்விட்டார். அன்று நினைவில் வைக்க ஒன்றும் நிகழவில்லை. பயணிகளை மட்டும் சொல்வது நியாயமன்று. "நம் வண்டிகள் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன" என்று மார்தட்டும் எங்கள் ஊழியர்களும் அந்த ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவதில்லை. சார்லஸ் டார்வின் தம் கொள்கைக்கு மாறான செய்தி எதிர்ப்பட்டால் தாமதியாமல் எழுதி வைப்பதை ஒரு விதியாகவே கைக்கொண்டிருந்தார். உகந்த செய்தி தானே மனத்தில் தங்கும், உகவாதது நழுவி ஓடிவிடும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார்.

வண்டி தாமதம் என்ற அளவில் நின்றால் இதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. இனி நான் சொல்லப்போகும் செய்தி அத்தகையதன்று. முல்லைப்பெரியாற்று அணையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இதைக் கேட்டதும் சங்கச் செயலாளர், "ஆண்டு விழாவில் அது வேண்டுமா?" என்று கவலைப்பட்டார். நம் குடியிருப்பில் கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. பீர்மேட்டிலும் வண்டிப்பெரியாற்றிலும் தேயிலைத் தோட்டங்களில் உறவினரை உடையோரும் இருக்கிறார்கள். சிலருக்கு அந்த நீரால் விளையும் வயல் இருக்கிறது. சிலருக்கு அந்த அணையின் கீழே வீடு இருக்கிறது. ஒரே குடும்பத்தில் இரண்டும் உண்டு. இங்கே பேசாமல் இதை வேறு எங்கே பேசுவது?

1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பென்னிகுக் தலைமையில் கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும் கொண்டு கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே கடலுக்குப் போன நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரைச் சீமைக்கும் வந்தது. அணை நிற்பது இன்றைய இடுக்கி மாவட்டத்தில்; அதை நடத்துவது தமிழ்நாடு.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு ஆற்றின் அணை உடைந்து மோர்வி நகரம் பாழாயிற்று. அதே ஆண்டில் முல்லைப்பெரியாற்றைப் பற்றிய அச்சமும் மூண்டு, நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அதன்பின் அணையின் முகட்டில் கான்கிரீட் பாரம் ஏற்றினார்கள். எஃகு வடங்களால் அணையைப் பாறையோடு பிணைத்தார்கள். பின்புறத்தில் கான்கிரீட் தாங்கல் கட்டினார்கள். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டம் இயற்றியது. 2014 மே 7ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளி, 142 அடியை மீண்டும் உறுதி செய்தது. வழக்கின் வரலாறு இவ்வளவே. நான் கருதுவது வழக்கை அன்று. அதைச் சுற்றி நின்ற மனங்களை.

அணைக்கு நூறு வயது கடந்துவிட்டது. "நூறாண்டு நின்றது, இனியும் நிற்கும்" என்று இந்தப் பக்கம் சொன்னார்கள். "நூறாண்டு ஆயிற்று, இனி எத்தனை நாள் நிற்கும்?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அணையின் உடலில் சுண்ணாம்பு கரைந்து கசிவது இரு தரப்பாரும் அறிந்ததே. 1930களிலும் 1960ஐ ஒட்டியும் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பை உள்ளே செலுத்தியிருக்கிறார்கள். "பழுது பார்த்தோம், ஆகவே வலிமை" என்பது ஒரு வாசிப்பு. "பழுது பார்க்க நேர்ந்தது, ஆகவே நலிவு" என்பது மற்றொன்று. 2014 நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது; அணைக்கு ஒன்றும் நேரவில்லை. அஞ்சியவர் எவரும் அன்று அச்சம் நீங்கவில்லை. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் அணை நின்றது. நம்பியவர், "பார்த்தீர்களா, இதைவிடப் பெரிய சோதனை வேண்டுமா?" என்றனர். அஞ்சியவரோ, அவ்வணையிலிருந்து திடீரென்று திறந்துவிட்ட நீரே வெள்ளத்தைப் பெருக்கிற்று என்றனர், கேரள அரசும் நீதிமன்றத்தில் அவ்வாறே கூறிற்று, தமிழ்நாடு மறுத்தது. அளவுக்கு மிஞ்சிய மழையே முதற் காரணம் என்று மத்திய நீர்வள ஆணையம் அறிக்கை தந்தது. அவ்வறிக்கையிலும் தத்தமக்கு வேண்டிய பக்கத்தையே இரு தரப்பாரும் புரட்டினார்கள்.

ஒரே செய்தி இரு எதிரான முடிவுகளையும் வலுப்படுத்துமானால், அது எதற்கும் சான்றாகாது. இதைக் கண்டுகொள்ள பெரும் படிப்பு வேண்டியதில்லை. "நேற்று வேறு விதமாக நடந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?" என்று தன்னையே ஒரு கேள்வி கேட்டால் போதும். அணையைப் பற்றி வாதிட்டவர்களிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: "என்ன கண்டால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" கம்பத்து நண்பர் ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அணை உடைந்தால்" என்றார். தொடுபுழையைச் சேர்ந்த நண்பர், "இடித்துவிட்டு வேறு கட்டினால்" என்றார். இருவரும் நல்லவர்கள், விருந்தோம்பலில் குறை வையாதவர்கள்.

படித்த நிபுணர்கள் இதற்கு விலக்கா? கேரளம் ரூர்க்கி, டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் நிபுணர்களைக் கொண்டு ஆய்வு செய்வித்தது. பெரிய நிலநடுக்கத்தையும் பெருவெள்ளத்தையும் அணை தாங்காது என்று அவ்வாய்வுகள் கூறின. தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் வேறு கணக்குகளைக் காட்டி மறுத்தனர். 2010இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. இரு மாநிலங்களின் சார்பிலும் அதில் உறுப்பினர் இருந்தனர். மத்திய அரசின் பல ஆராய்ச்சி நிலையங்களைக் கொண்டு சோதனைகள் நடத்தி, வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் ஆகிய மூன்று வகையிலும் அணை பாதுகாப்பானதே என்று 2012இல் அது அறிக்கை தந்தது. வேண்டியவரைத் தானே தேர்ந்து கேட்பதினும், எதிர்த் தரப்பாரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்பது மேலான சோதனை என்பது என் துணிபு. ஆகவே அவ்வறிக்கையை நான் மதிக்கிறேன். மலையாள நண்பர்களிடமும் இதை மறைத்ததில்லை.

ஆயினும் சோதனை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. இதை நம்மவர் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். ஒரு சங்கிலி எவ்வளவு தாங்கும் என்று அறிய, அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்க்கலாம். சங்கிலி போனால் போகட்டும். அணையை உடையும்வரை நிரப்பிப் பார்க்க இயலாது. கீழே வண்டிப்பெரியாறும் உப்புதறையும் இருக்கின்றன. துளையிட்டு எடுத்த கல் அந்தத் துளையைப் பற்றியே சாட்சி சொல்லும். பத்தடி தள்ளி உள்ளதைப் பற்றி அது அறியாது. வரக்கூடிய வெள்ளத்தின் உச்சம் இவ்வளவு, நிலநடுக்கத்தின் வேகம் இவ்வளவு என்று ஓர் எண்ணை முதலில் இட்டால்தான் கணக்கே நகரும். அந்த எண் ஓர் அனுமானம். 2018இன் வெள்ளத்தில் நின்றது என்பது 2018இன் வெள்ளத்துக்கு மட்டுமே விடை. "பாதுகாப்பானது" என்ற சொல்லுக்கு, "நாங்கள் எண்ணிப் பார்த்த கேடுகளிலிருந்து பாதுகாப்பானது" என்பதே பொருள். எண்ணிப் பாராத கேட்டைப் பற்றி எந்த அறிக்கையும் பேசாது.

இதற்குச் சான்று தேடி நாம் இடுக்கிக்குப் போக வேண்டியதில்லை. நம் பாலக்காட்டு மாவட்டத்திலேயே பறம்பிக்குளம் அணை இருக்கிறது. அதையும் தமிழ்நாடுதான் நடத்துகிறது. 2022 செப்டம்பர் 21ஆம் நாள் விடியுமுன், அதன் மூன்று மதகுகளில் ஒன்றின் எதிர்எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்தது. மதகு பெயர்ந்து, வினாடிக்குப் பல ஆயிரம் கன அடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. உயிர்ச்சேதம் நேராதது நம் நல்வினை. 2024 ஆகஸ்டில் கருநாடகத்துத் துங்கபத்திரை அணையின் 19ஆம் மதகுக்கும் இதே கதி. அங்கும் அறுந்தது சங்கிலியே. நாற்பது ஆண்டுகளாகச் சுண்ணாம்பைப் பற்றியும் நிலநடுக்கத்தைப் பற்றியும் தொண்டை வறளக் கத்தினோம். சங்கிலியைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எவரும் பேசி நான் கேட்டதில்லை. அஞ்சிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் மனிதன் என்னதான் செய்வது? ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பழைய கைகாட்டி மரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கை கீழே இறங்கினால் வண்டி வரலாம். படுக்கையாக நின்றால் நில். அக்கையை இழுக்கும் கம்பி நெடுந்தூரம் ஓடுகிறது. என்றேனும் ஒருநாள் அறும். அறுந்தால் மரத்தில் உள்ள எதிர்எடை கையை மேலே தள்ளி "நில்" என்ற நிலையில் நிறுத்திவிடும். இதை அமைத்தவர், "என் கம்பி அறாது" என்று நிறுவ முயலவில்லை. கம்பி அறும் நாளுக்கே ஏற்பாடு செய்தார். இன்று பெரும்பாலும் வண்ண விளக்குகள் வந்துவிட்டன. ஆனால் எரியாத விளக்கைச் சிவப்பாகவே கொள்ள வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. நேற்றுவரை ஆயிரம் வண்டிகள் பழுதின்றிப் போயின என்பதற்காக எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் அடுத்த நிலையத்தைக் கேளாமல் வண்டியை விடுவதில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் புதிதாக லைன் கிளியர் கேட்கிறார்.

ஆனந்த் குழுவின் அறிக்கையில் இத்தகைய ஓர் ஏற்பாடு இருக்கிறது. இப்போதுள்ள அமைப்பில் 104 அடிக்குக் கீழே உள்ள நீரைத் தமிழ்நாட்டுப் பக்கம் எடுக்க இயலாது. 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் ஒன்று அமைத்தால், ஆபத்து நேரும்போது அணையின் நீரைப் பெருமளவு கிழக்கே வடித்துவிடலாம் என்பதை அக்குழு ஒரு மாற்று வழியாகக் கூறியது. உச்ச நீதிமன்றமும் 2014 தீர்ப்பில் அதைக் குறிப்பிட்டது. அணை வலிதா, நலிந்ததா என்ற வழக்கில் எவர் வென்றாலும் அந்தச் சுரங்கம் பயன்படும். அதுவே அதன் சிறப்பு. புதிய அணை என்ற பேச்சும், புதிய அணை வேண்டாம் என்ற பேச்சும் மேடைதோறும் முழங்குகின்றன; இந்தச் சுரங்கத்தைப் பற்றி முழங்குவோரைக் காணோம். எவருக்கும் வெற்றி தராத யோசனைக்குக் கைத்தட்டல் கிடைப்பதில்லை போலும்.

நடந்தது வேறு. சிற்றணையை வலுப்படுத்தும் வேலையை முதலில் முடிப்போம், ஆய்வு பிறகு என்றது தமிழ்நாடு. ஆய்வே முதலில் என்றது கேரளம். சிற்றணையின் அருகே நிற்கும் 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் அனுமதி வந்து, சில நாட்களுக்குள் திரும்பப் பெறப்பட்டது. அணையின் விரிவான பாதுகாப்பு ஆய்வை நடத்த வேண்டும் என்று மேற்பார்வைக் குழு முடிவு செய்தது 2024 செப்டம்பரில். வயநாட்டில் மலை சரிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. எதை முன்னால் செய்வது என்ற கேள்வியிலேயே, விடை இன்னதாக இருக்கட்டும் என்ற ஆசை ஒளிந்திருக்கிறது.

2011 டிசம்பரை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். இடுக்கியில் சிறு நில அதிர்வுகள் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம். குமுளி எல்லையில் கலவரம் மூண்டு பேருந்துகள் நின்றன. தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பல, கைக்குழந்தைகளுடன் மலையிறங்கித் தேனிப் பக்கம் வந்தன. அங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அந்நாட்களில் நம் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாளேடுதான் படித்தார்கள். தமிழ் ஏடு படித்தவர் அடிபட்ட தமிழரை மட்டும் அறிந்தார், மலையாள ஏடு படித்தவர் அடிபட்ட மலையாளியை மட்டும் அறிந்தார். இரண்டும் உண்மைச் செய்தி. பொய் ஒன்று கூட வேண்டியிருக்கவில்லை.

நம்மவர்க்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன். இந்த வழக்கில் இரு தரப்பாரின் பிழைக்கும் விலை ஒன்றன்று. கேரளத்தார் அஞ்சியது வீணென்று தெரியவந்தால் நமக்குச் சில அடி நீர் குறைந்திருக்கும். அதுவும் சிறிதன்று, கடைமடை உழவனைக் கேட்டால் தெரியும். நாம் நம்பியது வீணென்று தெரியவந்தால் போவது நீர் அன்று. பிழையின் விலையைச் செலுத்த வேண்டியவன் மேலும் ஒரு சோதனை கேட்டால், அவனைக் கோழை என்றோ அரசியல்வாதி என்றோ ஏசுவது முறையாகாது. அதேபோல், ஒவ்வொரு சோதனை முடிந்ததும் "இது போதாது" என்று கூறிக்கொண்டே இருப்பவரிடம், "எது போதும் என்பதை முன்னரே எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதும் குற்றமாகாது.

என் அலுவலகத்தில் மலையாள நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். 2014ஆம் ஆண்டின் தீர்ப்பை மதிய உணவு வேளையில் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். தமிழ்நாட்டுக்குச் சாதகமான இடங்களை அவர் குறிக்க வேண்டும். கேரளத்துக்குச் சாதகமானவற்றை நான் குறிக்க வேண்டும். ஒரே நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் அவருக்கு, வலப்பக்கம் எனக்கு. இதுவரை நாற்பது பக்கம் ஆயிற்று. முதல் வாரத்தில் இருவர் பக்கமும் ஏறத்தாழ வெறுமையாகவே கிடந்தன. இப்போது அவர் பதினொரு இடங்களைக் குறித்திருக்கிறார், நான் ஒன்பது. இரண்டு இடங்களில் இருவரும் ஒரே வரியைக் குறித்திருக்கிறோம். அவற்றைப் பற்றித் தினமும் சண்டை நடக்கிறது. நோட்டின் படி ஒன்றை நம் படிப்பகத்தில் வைக்கச் செயலாளர் இசைந்திருக்கிறார். ஞாயிறு மாலைகளில் பார்க்கலாம். விருப்பமுள்ளோர் எந்தப் பக்கத்திலும் எழுதலாம், தம் ஊர்ப் பக்கத்தைத் தவிர.

குழந்தைகளின் கும்மி அடுத்து இருக்கிறது. சலங்கை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள்.